ஐபிஏ-வில் 800 வெள்ளி, கையில் 600: சிங்கப்பூரில் எங்கே போய்க் கேட்பது?

பேராவூரணி_குமார் எழுதியது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கட்டுமானத் தொழிலில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். ஊரில் இருக்கும்போது வந்த ஐபிஏ-வில் (ஒர்க் பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தது. இங்கே வந்து இறங்கியதும் ஆபீசில் ஒரு ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். முதல் சம்பளம் வந்தபோதுதான் அதில் அடிப்படை 600 என்று போட்டிருந்தது தெரிந்தது. ஓடி-யும் (ஓவர்டைம்) அந்த 600-ஐ வைத்துத்தான் கணக்கு. அது போதாதென்று மூன்று மாதமாகச் சம்பளமே வரவில்லை. செலவுக்கு என்று அவ்வப்போது நூறு, இருநூறு கொடுக்கிறார்கள். பாஸ்போர்ட் கம்பெனி கையில். வாயைத் திறந்தால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவேன் என்கிறார் சூப்பர்வைசர். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) போகலாமா? வக்கீல் வைக்க வேண்டுமா? எங்களைப் போன்றவர்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெல்டர்_பாண்டி எழுதியது:

தம்பி, சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். புகார் கொடுத்த மறுநாளே பெர்மிட்டை கேன்சல் செய்துவிடுவார்கள். அப்புறம் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. வட்டி மட்டும் ஓடும். எங்கள் டார்மிட்டரியில் இப்படிப் புகார் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெர்மிட் முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வேறு கம்பெனி பார்த்து மாறிக்கொள்வதுதான் நல்லது.

தேக்கா_செல்வம் எழுதியது:

பாண்டி சொல்வதில் உண்மை இருக்கிறது. பெர்மிட்டை கேன்சல் செய்யும் அதிகாரம் கம்பெனிக்கு உண்டு, செய்யவும் செய்வார்கள். ஆனால் "பெர்மிட் முடியும் வரை பொறுத்திரு" என்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சம்பளப் பாக்கிக்குக் கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது கேட்டால், பணம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம். இரண்டு வருடம் பொறுத்துவிட்டுக் கேட்டால் முதல் வருடப் பணம் போயே போய்விடும்.

இன்னொன்று, மூன்று மாதம் சம்பளம் தராத கம்பெனி நாலாவது மாதம் தரும் என்று நம்ப என்னால் முடியவில்லை. இப்படி இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் ஷட்டரை இறக்கிய கம்பெனிகள் இங்கே உண்டு. பாக்கி ஏற ஏற, கம்பெனியிடம் இருக்கும் பணம் குறையும். சட்டப்படி மாதச் சம்பளம் அந்த மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வர வேண்டும், ஓடி பணம் பதினான்கு நாளுக்குள். கிளையண்ட் பணம் தரவில்லை என்று கம்பெனி சாக்குச் சொன்னால், அது கம்பெனியின் பிரச்சினை, ஊழியரின் பிரச்சினை அல்ல.

குமார் தம்பி, முதலில் இதைச் சொல்லுங்கள்: ஐபிஏ நகல் கையில் இருக்கிறதா? பே ஸ்லிப் தருகிறார்களா? எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

பேராவூரணி_குமார் எழுதியது:

ஐபிஏ-வை ஊரில் தங்கை போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள் அண்ணே. பே ஸ்லிப் முதல் நான்கு மாதம் தந்தார்கள், அதற்குப் பிறகு இல்லை. டைம் கார்டு சூப்பர்வைசரிடம் இருக்கிறது, நாங்கள் கையெழுத்து மட்டும் போடுவோம். அந்த ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே, அதோடு எல்லாம் முடிந்ததா?

சிங்கைச்_சட்டம் எழுதியது:

நான் இங்கே ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் தாள்களைப் பார்க்காமல் பொதுவாகச் சொல்கிறேன்.

கையெழுத்தோடு முடிந்துவிடவில்லை. ஐபிஏ-வில் உள்ள சம்பளம் என்பது, "இந்த ஊழியருக்கு இவ்வளவு தருவேன்" என்று முதலாளி மனிதவள அமைச்சிடம் எழுதிக் கொடுத்தது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் ஊழியரின் எழுத்துபூர்வச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். அதோடு, குறைப்பதற்கு முன்னால் அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். தாளில் கையெழுத்தை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டால் அந்த நிபந்தனை நிறைவேறியதாக ஆகாது.

2017-இல் உயர் நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. வெளிநாட்டு ஊழியர் ஒருவர், ஐபிஏ-வில் ஒரு தொகை, கம்பெனி சொன்னது அதைவிடக் குறைவான தொகை. நீதிபதி லீ சியூ கின் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தார். ஐபிஏ-வில் இருப்பதுதான் உண்மையான அடிப்படைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று சொல்லும் முதலாளிதான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதனால் தங்கை போனில் இருக்கும் அந்தப் போட்டோவை இன்றைக்கே வாங்கி, உங்கள் மின்னஞ்சலிலும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் பற்றிக் கேட்டீர்கள். சம்பளப் பாக்கிக்கு வக்கீல் வேண்டாம். வேண்டாம் என்பதைவிட, அனுமதியே இல்லை என்று சொல்ல வேண்டும். புகார் முதலில் டாடெம் என்னும் முத்தரப்பு அமைப்புக்குப் போகும். அங்கே இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். ஒத்துவரவில்லை என்றால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 2017 ஏப்ரலில் தொடங்கியது அது. அங்கே இரு தரப்புமே வக்கீல் வைக்க முடியாது, கம்பெனியும்தான். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், தொழிற்சங்க உதவியோடு சமரசத்துக்குப் போனவர்கள் 30,000 வரை. தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, மொழிபெயர்ப்பாளர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம்.

அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஒர்க் பெர்மிட்காரர்கள் அங்கே போய் அலைய வேண்டாம்.

தேக்கா_செல்வம் எழுதியது:

நன்றி சட்டம் அவர்களே, கையெழுத்து விஷயம் நிறையப் பேரை முடக்கிப் போடுகிறது.

குமார், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரச் சம்பளத்துக்கு இங்குள்ள முறை: மாத அடிப்படையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 பெருக்கல் 44-ஆல், அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். 800-க்கு அது 4 வெள்ளி 20 காசு. ஓடி ஒன்றரை மடங்கு என்பதால் 6 வெள்ளி 29 காசு. உங்கள் கம்பெனி 600-ஐ வைத்துப் போடுவதால் 4 வெள்ளி 72 காசு தருகிறது. மாதம் 72 மணி நேரம் ஓடி செய்திருந்தால், அதில் மட்டும் 113 வெள்ளி போகிறது. அடிப்படையில் குறைத்த 200-ஐயும் சேர்த்தால் மாதம் 313. சம்பளம் ஒழுங்காக வந்த மாதங்களிலும் இந்த 313 பாக்கிதான். பலர் வராத மாதங்களை மட்டும் கேட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கூப்பிட்டு முழுநாள் வேலை செய்திருந்தால் இரண்டு நாள் சம்பளம் வர வேண்டும், அதையும் பாருங்கள்.

இன்றிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். இப்படி எழுதினால் போதும்: "14-ந் தேதி, வியாழன். துவாஸ் சைட். காலை 8 முதல் இரவு 8. சாப்பாடு ஒரு மணி நேரம். ஓடி 3 மணி. உடன் வேலை செய்தவர்கள்: மணி, ரஃபீக்." அன்றன்றைக்கு எழுத வேண்டும். மொத்தமாக ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியது பார்த்தாலே தெரிந்துவிடும். டைம் கார்டில் கையெழுத்துப் போடும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப் குரூப்பில் "நாளைக்கு ஏழு மணிக்கு லாரி" என்று சூப்பர்வைசர் போட்ட செய்திகளை அழித்துவிடாதீர்கள், அதுவும் சாட்சிதான். வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள். கையில் கொடுத்த நூறு, இருநூறையும் மறைக்காமல் எழுதுங்கள். கம்பெனி அதைக் காட்டும்போது உங்கள் பேச்சின் மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாது.

பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பது இங்கே குற்றம். நீங்களே எழுதிக் கேளுங்கள், தரவில்லை என்றால் புகாரில் அதையும் சேருங்கள்.

வெல்டர்_பாண்டி எழுதியது:

செல்வம் அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் பெர்மிட் கேன்சல் ஆன பிறகு சாப்பாடு யார் போடுவார்கள்? தங்க இடம்? அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே.

தேக்கா_செல்வம் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி பாண்டி. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புகார் விசாரணையில் இருக்கும்போது பெர்மிட் கேன்சல் ஆனால், நாட்டில் தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அதில் அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. தெரியாமல் பக்கத்து சைட்டுக்குப் போய்ப் பிடிபட்டால் சம்பளப் பாக்கியும் போய், ஜெயில், அபராதம் என்று ஆகிவிடும். அந்தக் காலத்தில் தங்குமிடமும் சாப்பாடும் தர வேண்டியது பழைய கம்பெனியின் பொறுப்பு. ஒவ்வொரு ஊழியருக்கும் அவர்கள் அரசாங்கத்திடம் 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுத்திருக்கிறார்கள். தரவில்லை என்றால் எம்ஓஎம்-இடம் சொல்ல வேண்டும். நியாயமான சம்பளப் புகார் உள்ளவர்களுக்கு வேறு முதலாளியிடம் மாற எம்ஓஎம் அனுமதி தருவதும் உண்டு. அதனால் புகார் கொடுக்கும்போதே "எனக்கு வேறு வேலைக்கு மாற அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டாம். சிராங்கூன் ரோட்டில் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, என்டியுசி என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து நடத்துவது. 24 மணி நேரமும் தொலைபேசி எடுப்பார்கள்: 6536 2692. டிடபிள்யுசி2 என்ற தொண்டு அமைப்பு லிட்டில் இந்தியா பக்கம் வேலை இழந்து நிற்கும் ஊழியர்களுக்குப் பல வருடமாக இலவசச் சாப்பாடு போடுகிறது. சாப்பிடப் போகும் இடத்திலேயே உட்கார்ந்து கேஸ் பற்றிப் பேசலாம். ஹோம் என்ற தொண்டு அமைப்பிலும் கேட்கலாம், அங்கே தன்னார்வ வழக்கறிஞர்களும் வருகிறார்கள். எங்கேயும் பணம் கேட்க மாட்டார்கள். தாள் நிரப்பித் தருகிறேன் என்று டார்மிட்டரியில் பணம் கேட்பவனிடம் கொடுக்காதீர்கள்.

நிலா_திருவாரூர் எழுதியது:

இந்தப் பேச்சுக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணா. என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்க்கிறார். இரும்புக் கம்பி விழுந்து இடது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. கம்பெனி கூட்டிப்போன கிளினிக்கில் கட்டுப் போட்டு லைட் டியூட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். விரல் இன்னும் மடங்கவில்லை. இப்போது "ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள், டிக்கெட் நாங்கள் போடுகிறோம்" என்கிறார்கள். இவரும் கிளம்பிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் ஊரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

சைட்_சேஃப்டி எழுதியது:

தங்கச்சி, அவரைக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சேஃப்டி வேலையில் இருக்கிறேன், இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

வேலையிடக் காயத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, விக்கா என்பார்கள். இப்போது நடப்பில் உள்ளது 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. யார் மேல் தப்பு என்ற கேள்வியே அதில் கிடையாது. வேலை செய்யும்போது அடிபட்டது என்றால் போதும். ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தாலும், வெறும் லைட் டியூட்டி கொடுத்தாலும் கம்பெனி பத்து நாளுக்குள் எம்ஓஎம்-க்குத் தெரிவிக்க வேண்டும். சில இடங்களில் எம்சி வேண்டிய காயத்துக்கு லைட் டியூட்டி எழுதி வாங்கி, ஆளை ரூமில் படுக்க வைத்துவிடுகிறார்கள். அதற்குத்தான் லைட் டியூட்டியையும் சட்டத்தில் சேர்த்தார்கள்.

முதல் வேலை, அவர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகட்டும். கம்பெனி ஆள் கூட வர வேண்டும் என்பதில்லை. டாக்டரிடம் எந்த சைட்டில், எத்தனை மணிக்கு, என்ன விழுந்து அடிபட்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். "ரூமில் கதவு இடுக்கில் மாட்டியது" என்று சொல்லச் சொல்லி யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்கவே கூடாது. அந்த முதல் பதிவுதான் கடைசி வரைக்கும் பேசும். காயத்தைப் படம் எடுத்து வைக்கட்டும், பக்கத்தில் நின்றவர்களின் போன் நம்பரையும் வாங்கி வைக்கட்டும்.

கம்பெனி தெரிவிக்கவில்லை என்றால் அவரே எம்ஓஎம்-இடம் தெரிவிக்கலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கேட்டுவிட வேண்டும். மருத்துவச் செலவு ஒரு வரம்பு வரை கம்பெனி தலையில். எம்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டு: ஆஸ்பத்திரியில் சேராத எம்சி என்றால் முதல் 14 நாள் முழுதாக, அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு. சேர்ந்திருந்தால் 60 நாள் வரை முழுதாக. அதை அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் போடக் கூடாது, ஓடி சேர்ந்த சராசரி வருமானத்தில் போட வேண்டும். விரல் நிரந்தரமாக மடங்காமல் போனால் டாக்டர் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுவார், வயதையும் வருமானத்தையும் வைத்துத் தொகை வரும். ஊருக்கு வந்துவிட்டால் உரிமை போய்விடாது, ஆனால் மதிப்பீடு, கடிதம், கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்து திண்டாட வேண்டியிருக்கும். சிகிச்சையும் மதிப்பீடும் முடிந்த பிறகு வரட்டும்.

இன்னொன்று. உடலுழைப்பு ஊழியர்களுக்குக் கம்பெனி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். இந்தப் பணத்தை முதலாளி தன் பையிலிருந்து தரப் போவதில்லை, இன்சூரன்ஸ் தரும். "பாஸ் பாவம், நல்லவர்" என்று உங்கள் வீட்டுக்காரர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

சிங்கைச்_சட்டம் எழுதியது:

இந்த அம்மாவின் விஷயத்தில்தான் வக்கீல் பேச்சு வரும், அதனால் ஒரு வார்த்தை. விக்கா இழப்பீட்டுக்கு வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் முதலாளியின் கவனக்குறைவால் நடந்தது என்று காட்ட முடிந்தால், விக்காவை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழியும் இருக்கிறது. தொகை கூடலாம். ஆனால் தப்பை நிரூபிக்க வேண்டும், வருடக் கணக்கில் ஆகலாம், தோற்றால் செலவும் உண்டு. இரண்டிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்குக்குக் கெடு மூன்று ஆண்டு.

அடிபட்டவர்களைத் தேடி டார்மிட்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து "நல்ல வக்கீல் இருக்கிறார், வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும்" என்பவர்கள் இருக்கிறார்கள். இழப்பீட்டில் பங்கு பேசி வழக்கு எடுப்பது இங்கே வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்ட ஒன்று. ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுப்பதும் அப்படியே. அப்படிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். விக்காவை விட்டு விலகும் தாளில் விவரம் புரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்கு முன்னால் செல்வம் சொன்ன அமைப்புகளில் ஒன்றில் கேட்டுவிடட்டும்.

இது சம்பளத்துக்கும் காயத்துக்கும்தான். போலீஸ் குற்ற வழக்கு என்று வந்தால் வழி வேறு. பணவசதி இல்லாத வெளிநாட்டவர்கள் ப்ரோ போனோ எஸ்ஜி என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பு நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

நிலா_திருவாரூர் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. அவரிடம் படித்துக் காட்டினேன். ஆனால் கட்டாயப்படுத்தி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போய்விட்டால்?

தேக்கா_செல்வம் எழுதியது:

அம்மா, சாங்கியில் குடிநுழைவு கவுண்டர் தாண்டும் வரை நேரம் இருக்கிறது. கவுண்டரில் உள்ள அதிகாரியிடம் "எனக்குக் காயத்துக்கான இழப்பீடு பாக்கி, போக விருப்பமில்லை" என்று சொன்னால் போதும், எம்ஓஎம்-க்குத் தகவல் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் "நோ சேலரி, இன்ஜுரி, எம்ஓஎம்" என்ற வார்த்தைகள் வந்தால்கூடப் போதும். கூட வந்த கம்பெனி ஆளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவரால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் செய்ய முடியாது. போனில் எஸ்ஜி ஒர்க்பாஸ் செயலியைப் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெர்மிட் நடப்பில் இருக்கிறதா, கேன்சல் ஆகிவிட்டதா என்று அதிலேயே தெரியும்.

நீங்கள் அங்கிருந்து செய்யக் கூடியதும் உண்டு. அவருடைய ஐபிஏ, பெர்மிட்டின் இரண்டு பக்கம், எம்சி தாள்கள், காயத்தின் படம் எல்லாவற்றையும் உங்கள் போனிலும் வாங்கி வையுங்கள். இங்கே போன் பிடுங்கப்பட்டாலும் தொலைந்தாலும் அவை இருக்கும். அவர் தொடர்பில் இல்லை என்றால் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும், சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் எழுதுங்கள். சம்பளமும் இழப்பீடும் வாங்கித் தருவது அவர்கள் கையில் இல்லை, ஆனால் ஆளைத் தேடவும் பாஸ்போர்ட் விஷயத்துக்கும் அவர்கள்தான்.

பேராவூரணி_குமார் எழுதியது:

அண்ணன்மார்களே, ஒரு தகவல். நானும் அறையில் இருந்த இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து புகார் கொடுத்துவிட்டோம். பெர்மிட் கேன்சல் ஆனது, ஸ்பெஷல் பாஸில் இருக்கிறோம். பெண்டிமியர் ரோட்டில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். தமிழில் பேசினேன், மொழிபெயர்ப்பாளர் இருந்தார். கம்பெனி தரப்பில் அந்தக் கையெழுத்துத் தாளைக் காட்டினார்கள். நான் ஐபிஏ-வைக் காட்டினேன். கடைசியில் 800 கணக்கிலேயே தர ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று தவணையில் தருகிறோம் என்கிறார்கள். வேலை மாறவும் அனுமதி கிடைத்திருக்கிறது. தவணைக்குச் சம்மதிக்கலாமா?

வெல்டர்_பாண்டி எழுதியது:

நல்ல சேதி தம்பி. ஆறு பேராகப் போனது ரொம்ப நல்லது. என் கணக்கையும் எடுத்துப் பார்க்கிறேன்.

சிங்கைச்_சட்டம் எழுதியது:

கம்பெனி நடந்துகொண்டிருக்கிறது என்றால் தவணைக்குச் சம்மதிக்கலாம். முதல் தவணை பெரியதாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு தவணை தவறினால் மீதி மொத்தமும் உடனே தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒப்பந்தத்தை நான்கு வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்துவிட்டால் அது நீதிமன்ற உத்தரவுக்குச் சமம், தவறினால் அதை வைத்து நடவடிக்கை எடுக்கலாம். பதிவு செய்யாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.

தேக்கா_செல்வம் எழுதியது:

பதிவுக்கு உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு ஆறு பேரும் ஒப்பந்த நகலோடு வாருங்கள், நானும் வருகிறேன். புது கம்பெனியில் ஐபிஏ வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இங்கே எழுதுங்கள். "வேலை தருகிறேன், ஆயிரம் வெள்ளி கொடு" என்று அந்த முதலாளி கேட்டால் கொடுக்க வேண்டாம். அது அவருக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் கிடைக்கக் கூடிய குற்றம்.

பாண்டி, உங்கள் ஐபிஏ-வையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.